அன்னாசி தின்ற ரேகை

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன். பிறகு திருவாண்டார்கோயில் பக்கம் பழங்களை டின்னில் அடைக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க அன்னாசி நறுக்க வேண்டும். கையுறை கொடுத்தார்கள். உள்ளே வியர்த்து வழுக்கியதால் எல்லோரையும் போல நானும் கழற்றி வைத்துவிட்டேன்.

நான்காவது வாரம், காலையில் வருகைப்பதிவு மெஷின் என் விரலை ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன். கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு விளக்குதான். விரலை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். கோடுகளே இல்லை. கரைந்த சோப்புபோல வழவழவென்று இருந்தது.

பக்கத்து மேஜையில் மூன்று வருஷமாக நறுக்கும் கரியமாணிக்கம் ஊர்க்கார அக்காவிடம் ஓடினேன்.

"இன்னாக்கா இது, ரேகையே காணோம்?"

"இதுக்கா இப்படி பதறுற? எனக்கு எப்பவோ போச்சு. நோட்டுலதான் கையெழுத்துப் போடுறேன்" என்று பத்து விரலையும் விரித்துக் காட்டினார். ஒன்றிலும் ஒரு கோடு இல்லை.

அப்போதுதான் உறைத்தது. அன்னாசியில் புரதத்தை வெட்டும் என்சைம் உண்டு. ஒரு புரதத்தை வெட்டிவிட்டு அப்படியே அடுத்ததற்குப் போகும், தான் செலவாகாது. கறியை மெத்தென்று ஆக்குவதும் அதுதான். பரீட்சையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். என் தோலும் புரதம் என்பது ஒரு நாளும் தோன்றவில்லை.

சாப்பாட்டு நேரத்தில், பாகில் வேகவைத்த துண்டுகளை டின்னில் போடும் பெண்களிடம் போய்க் கைகளைக் காட்டச் சொன்னேன். எல்லோருக்கும் ரேகை இருந்தது. சூட்டில் என்சைம் உருக்குலைந்துபோகும்; பிறகு அதற்கு வெட்டத் தெரியாது.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். "தோல் பழகிடும்மா" என்றார்.

"பழகாது சார், தோலை அன்னாசி அரிச்சிக்கினே இருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மறுநாளிலிருந்து நானும் அக்காவும் வியர்வையை உறிஞ்சும் பருத்தி உறைமேல் ரப்பர் உறை போட்டுக்கொண்டோம். ஒரு மாதத்துக்குமேல் ஆயிற்று, என் கோடுகள் திரும்பிவர. அக்காவுக்கு இடதுகை மோதிர விரலில் மட்டும் மெல்லிசாகத் தெரிகிறது. மற்ற விரல்களைத் தினமும் பார்க்கிறார்.