கன்னம் ஒடுங்கிய நாதஸ்வரக்காரர்

போன வருஷம் நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் விருத்தாசலத்தில் நடந்தது இது. இங்கே ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் நான் லாரி டிரைவர். என் மனைவிக்கும் அங்கேதான் வேலை. பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கிக் கட்டுவது அவள் பாடு, உடையாமல் ஊர் கொண்டு சேர்ப்பது என் பாடு. வீட்டில் பாதிச் சண்டை இதனால்தான் வரும். ஒரு பொம்மை உடைந்தால் அவள் என் ஓட்டத்தைக் குறை சொல்வாள், நான் அவள் கட்டைக் குறை சொல்வேன்.

பழைய லாரியின் ஸ்டீயரிங் இருக்கிறதே, அது என் ஜென்மப் பகை. பட்டறை வாசலில் திருப்புவதற்குள் சட்டை நனைந்துவிடும். சீட்டின் நுனிக்கு வந்து, பல்லைக் கடித்து, உடம்பு மொத்தத்தையும் போட்டு இழுக்க வேண்டும். இழுத்து இழுத்து வலது தோள்பட்டை இறுகிப் போனது. தலை வார முடியாது. சட்டைக் கையை மனைவிதான் மாட்டிவிடுவாள். இனி அந்த லாரியைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சும்மா உட்கார வேண்டாமே என்று முதலாளி என்னை அச்சுப் பிரிக்கும் இடத்தில் போட்டார். அச்சிலிருந்து வெளியே வரும்போது பொம்மை ஈரமாக, உள்ளே கூடாக இருக்கும். விரல் பட்டதே தெரியாமல் எடுக்க வேண்டும். எனக்கு முதலில் வாய்த்தவர் கல்யாண செட்டில் வரும் நாதஸ்வரக்காரர். இரண்டு கன்னமும் உப்ப ஊதிக்கொண்டிருந்த மனுஷன். என் கட்டை விரல் பட்டதும் ஒரு கன்னம் உள்ளே போய்விட்டது. அடுத்து எடுத்த மாப்பிள்ளைக்கு மூக்கு சப்பை. மணப்பெண்ணுக்கு இடுப்பே இல்லை. பெயின்ட் அடிக்கும் பெண்கள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "அண்ணே, நீங்க கல்யாணத்துக்கு வந்தீங்களா, கலைச்சு வுட வந்தீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

சாயங்காலத்துக்குள் முதலாளி என்னை அங்கிருந்து கிளப்பி, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வண்டி வந்தால் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். சிரித்த முகமாகத்தான் திறந்துவிட்டேன். ஆனால் வேறொருவர் என் லாரியை ஓட்டிக்கொண்டு வெளியே போகும்போது, தெருமுனை திரும்பும் வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

சீசனுக்கு முதலாளி புது லாரி ஒன்று எடுத்தார். சின்ன வண்டி, எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். "ஒரு விரலால திருப்பலாமாம் அண்ணே, உங்க தோளுக்குத் தோதா இருக்கும். விழுப்புரத்துக்குக் கொலு லோடு இருக்குது, ஓட்டிப் பாருங்க. சரிப்பட்டா வண்டி உங்களுக்குத்தான். இல்லன்னா தப்பா நெனைக்காதீங்க, வேற ஆளப் போட்டுடுவேன்" என்றார்.

கொலு லோடு போகும்போது கட்டியவர்களில் ஒருவர் கூடவே போவது எங்கள் பட்டறை வழக்கம். கேபினில் உட்கார்ந்து, பின்னால் காதைக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். ஒழுங்காக இருக்கும் லோடு சத்தம் போடாது. கிணுகிணு என்று கேட்டால் எங்கேயோ வைக்கோல் நழுவிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு என் மனைவியே வந்து ஏறினாள்.

கேட்டைத் தாண்டியதும் முதல் திருப்பம். பழக்க தோஷத்தில் சீட் நுனிக்கு வந்தேன், பல்லைக் கடித்தேன், இழுத்தேன். வண்டி நேரே டீக்கடை பெஞ்சைப் பார்த்துப் போனது. உட்கார்ந்திருந்தவர்கள் டீ கிளாஸோடு எழுந்துவிட்டார்கள். பதறிப்போய் மறுபக்கம் இழுத்தேன், ரோட்டின் அந்த ஓரத்துக்குப் போய்விட்டது. பின்னால் கிணுங் என்று ஒரு சத்தம். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மங்கலம்பேட்டை ரோடு முழுக்க இதே கூத்துதான். பழைய ஸ்டீயரிங் கையோடு சண்டை போடும், ஆனாலும் ரோட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இது வாயே திறக்கவில்லை. சக்கரத்துக்கும் கைக்கும் தொடர்பே இல்லையோ என்று பயம் வந்துவிட்டது. பயத்தில் இன்னும் இறுக்கினேன். இறுக்க இறுக்க வண்டி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக அலைந்தது. பைக்கில் வந்த ஒருவர் என் பக்கமாக ஒட்டி வந்து, "என்னண்ணே, காலையிலயேவா?" என்று கேட்டார். எனக்கு மானம் போய்விட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

"அவரு குடிக்கல தம்பி. புது வண்டியில ஒக்காந்துக்கிட்டு பழைய வண்டிய ஓட்டிக்கிட்டிருக்காரு."

அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப பாத்து வாங்க" என்று போய்விட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன். மனைவி பின்னால் ஏறி, நழுவிய வைக்கோலைத் திணித்துவிட்டு வந்தாள். "என்னால ஆவாது. மொதலாளிக்குப் போன் போட்டு வேற ஆள அனுப்பச் சொல்லிடறேன்" என்றேன். சொல்லிக்கொண்டே போனை எடுத்தேன்.

அவள் போனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "தோளு வலிக்குதா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் கவனித்தேன், வலியே இல்லை.

"வலிக்கல இல்ல? அப்புறம் யாரோட மல்லுக்கட்டுறீங்க? அன்னைக்கு அந்த நாதஸ்வரக்காரர அமுக்கினீங்களே, அதே புடிதான் இது. அச்சுலேருந்து எடுத்த ஈர பொம்மைன்னு நெனச்சுக்கிட்டுத் தொடுங்க. கன்னம் உள்ள போவாம இருந்தா போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும்தான். மாப்பிள்ளை மூக்கு வரைக்கும் எல்லாம் ஞாபகத்துக்கு வந்து, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்த சிரிப்பில் என் தோள் தானாகத் தளர்ந்திருந்தது. முதுகை சீட்டில் சாய்த்து, விரல்களை மட்டும் வைத்து வண்டியை எடுத்தேன். மங்கலம்பேட்டை கடைவீதியில் எதிரே ஒரு பஸ் வந்தது. லேசாக ஒதுக்கினேன், வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. திருப்பம் முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகவே நேருக்கு வந்தது, நான் குறுக்கே நிற்காமல் விட்டுவிட்டேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. உளுந்தூர்பேட்டை வந்தபோது திரும்பிப் பார்த்தால், லோடு கேட்க வந்தவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு டிரைவருக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் எவரும் கொடுக்க முடியாது.

விழுப்புரத்தில் இறக்கியபோது ஒரே ஒரு பசுமாட்டுக்கு மட்டும் கொம்பு நுனி பெயர்ந்திருந்தது. "அது என் கட்டுல வுட்ட எடவெளி" என்று கடைக்காரரிடம் அவள் முந்திக்கொண்டு சொன்னாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு உடைசலை அவள் தன் கணக்கில் எழுதிக்கொண்டது அன்றைக்குத்தான். அது டீக்கடை பெஞ்சின் வேலை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆயுத பூஜையன்று என் புது வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்தோம். பெயின்ட் அடிக்கும் பெண்கள் காகிதத்தில் சுற்றிய எதையோ கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பிரித்தால், நம் நாதஸ்வரக்காரர். மண்ணோடு மண்ணாகக் கரையப் போனவரை என் மனைவி ஒளித்து வைத்து, மற்ற பொம்மைகளோடு சூளையில் சுட்டு எடுத்திருக்கிறாள். பட்டு வேட்டி, நெற்றியில் விபூதி, ஒரு கன்னம் உப்பலாக, ஒரு கன்னம் டொக்கு விழுந்து. டேஷ்போர்டில் அவளே ஒட்டி வைத்தாள்.

இப்போது தோள் தேவலை, சட்டையை நானே போட்டுக்கொள்கிறேன். தினமும் வண்டியை எடுக்கும் முன் அந்த டொக்குக் கன்னத்தில் கட்டை விரலை ஒரு தரம் வைத்துப் பார்ப்பேன், கச்சிதமாகப் பொருந்தும். எதற்கும் ஆகாதவனாகிவிட்டேன் என்று நினைத்த நாளில் என் கையால் கெட்டுப்போனவர், இன்றைக்கு மாப்பிள்ளை ஊர்வலத்தில் போவது போல முன்னால் ஊதிக்கொண்டு போகிறார். நான் அவர் பின்னாலேயே சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போகிறேன்.