வாத்தியார் திருப்பிக் கொடுத்த அரிசி

"...அப்ப எம் புள்ளையும் பொழைக்க மாட்டான்னு நீங்களே முடிவு கட்டிட்டீங்க. அதான் அரிசியத் திருப்பிக் குடுக்குறீங்க, இல்லையா வாத்தியாரே?"

கேட்டது, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பரா அறையில் இருந்த அக்கா. வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. இலங்கையில் லுணுகலைப் பக்கத்தில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர். மதுரைப் பக்கத்து மனிதர். வாரமெல்லாம் எங்களோடு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கோயில் முன்னால் கம்பை எடுப்பார்.

வாரா வாரம் தோட்டத்தில் எங்களுக்கு அளக்கிற அரிசியில் ஒரு கொத்து அளவு அவருக்குப் போகும். கங்காணி தன் மகனுக்காகக் கிடாயையே கொண்டுபோய்க் கட்டினார். நானும் என் மகனுக்காக அளந்தேன். "அந்த மனுசனுக்கு வயிறா, பத்தாயமா?" என்று என் வீட்டுக்காரி அடுப்பைப் பார்த்துக் கேட்பாள். ஆனாலும் அளந்து கொடுப்பதும் அவள்தான். காணிக்கை வைக்காமல் படித்தால் கம்பு கையில் தங்காது என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

அக்கா புருஷனை இழந்தவர். இரண்டு பிள்ளைகளையும் அடுத்தடுத்துக் காய்ச்சலுக்குக் கொடுத்திருந்தார். மிச்சம் இருந்தவன் ஒருவன்தான். சட்டையைக் கழற்றினால் எலும்பெல்லாம் தெரியும். கம்பு சுற்றினால் உடம்பு இறுகும், இறுகின உடம்பைக் காய்ச்சல் அண்டாது என்று யாரோ சொன்னதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கொத்து அரிசி ஒரு வாரமும் தவறியதில்லை. மீதியை மகனுக்கு வடித்துப் போட்டுவிட்டுத் தான் கஞ்சித்தண்ணி குடித்தார். வாரக் கடைசியில் அவனுக்கும் அந்தத் தண்ணிதான்.

வாத்தியாருக்கு அளக்கிற அரிசியை அவனுக்கே ஆக்கிப் போடச் சொல்லி ஒரு தடவை நான் பேச்செடுத்தேன்.

"செத்ததுகளுக்கும் சோறு போட்டுத்தான் தம்பி பாத்தேன்" என்றார்.



அந்த ஞாயிற்றுக்கிழமை, கம்பு சுற்றத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பையன் மண்டிபோட்டு விழுந்தான். இருமல் நிற்கவில்லை. வாத்தியார் அவனைத் தூக்கி உட்கார வைத்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், தன் காம்பராவுக்குப் போனார். அந்த வாரத்து அரிசியை அப்படியே கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார். இவனுக்கு ஆக்கிப் போடுங்கள், உடம்பு தேறட்டும், கம்பைப் பிறகு பார்க்கலாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அக்காவுக்கு அது தீர்ப்பாகப் பட்டது. அப்போதுதான் அப்படிக் கேட்டார்.

பிள்ளைகளைப் பெற்ற நாங்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அக்கா அரிசியை வாங்கினார். ஒரு மணி சிந்தாமல் வாத்தியாரின் காலடியிலேயே காணிக்கையாகத் திரும்ப வைத்தார். மகன் கையில் கிடந்த கம்பை எடுத்துக்கொண்டார். சேலையை இழுத்துச் செருகி, பிள்ளைகளின் வரிசையில் அவன் நின்ற இடத்தில் போய் நின்று, கம்பை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்தார்.