சஷ்டியன்று என் பித்தப்பை

கேஷுவல்ட்டிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை ஸ்கேனுக்கு வேறு மாடிக்கு அனுப்பிக் காத்திருக்க நேரம் இருக்காது. படுக்கைப் பக்கத்திலேயே மெஷினை உருட்டிவந்து பார்த்துவிட வேண்டும். அந்த சோனோகிராபி வேலையை இளம் டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, பரீட்சை வைத்து, இனி நீ தனியாகப் பார்க்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற பொறுப்பு என் மகளுக்கு. செம்பூர்ப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நானோ தாராவியில் பை தைக்கிற பட்டறையில் காலம் ஓட்டியவன். அவள் வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளங்கவைப்பதே எனக்குப் பெரும்பாடு. “பிள்ள ஆணா பொண்ணானு பாக்குற மெஷினா?” என்பார்கள். அதைச் சொன்னால் ஜெயில் என்பேன்.

பரீட்சைக்குப் படுக்க ஆள் வேண்டும். நோய்நொடி இல்லாதவனாகவும் இருக்க வேண்டும், வெறும் வயிற்றோடும் வர வேண்டும். பட்டினியில்தான் பித்தப்பை நிறைந்து தெளிவாகத் தெரியுமாம். ஒரு நாள் மகள் போன் பண்ணினாள்.

“யப்பா, நாளைக்கு சஷ்டிதான? எப்படியும் வெரதம் இருப்பிய. வீட்டுல கெடக்கதுக்கு இங்க வந்து படுத்துக் கெடங்க.”

“எவ்வளவு நேரம் ஏட்டி?”

“சாயங்காலம் வரைக்கும். ஒரே கண்டிஷன். நீங்க வாயத் தொறக்கப்பிடாது. பரீட்சைக்கு வாரவங்களும் ஒங்ககிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

வீட்டுக்காரி போனைப் பிடுங்கினாள். “ஒங்கப்பா வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு நான் சொல்லுதேன். மெஷின் எதுக்கு? பூராவும் கோவந்தான்.”

மறுநாள் குளித்து, திருநீறு பூசி, முருகனைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். மகளே முதலில் என் வயிற்றில் ஜெல் தடவிப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். பரீட்சை வைக்க வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். சிரித்தால் காசு போய்விடும் என்கிற மாதிரி முகம். மத்தியானத்துக்குள் மூன்று டாக்டர்கள் வந்து பார்த்தார்கள். மூன்று பேரும் “நார்மல்” என்றார்கள். அவரும் தலையை ஆட்டினார்.

இடைவேளையில் ஜன்னல் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டு, வீட்டுக்காரி பிளாஸ்கில் தந்துவிட்ட பாலைக் குடித்தேன், ஒரு வாழைப்பழமும் தின்றேன். சஷ்டிக்குப் பாலும் பழமும் உண்டு. எங்கள் வீட்டில் அதனால் விரதம் கெட்டதாக யாரும் நினைத்ததில்லை.

அதற்கப்புறம் கடைசியாக ஒரு மராத்திப் பெண் வந்தாள். இந்தப் பரீட்சையில் ஏற்கெனவே ஒரு தடவை தவறியவள் என்று மகள் காலையில் சொல்லியிருந்தாள். இன்றும் தவறினால் அடுத்த பரீட்சை வரை அவள் தனியாக மெஷினைத் தொட முடியாது. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் ஸ்கேன் பார்க்க, அவள் ஓரமாக நிற்க வேண்டும்.

“காகா, சாஸ் ரோக்கியே” என்றாள். மூச்சை அடக்கினேன். அவள் கையில் பிடித்த கருவி என் விலாவுக்குக் கீழே ஊர்ந்தது, நின்றது, திரும்பி வந்தது. இடது பக்கம் சாயச் சொன்னாள். மறுபடி மூச்சை அடக்கச் சொன்னாள். மற்றவர்கள் சட்டென்று கடந்துபோன இடத்தில் இவள் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் தேர்வாளரிடம் இங்கிலீஷில் ஒரு நோயின் பெயரைச் சொன்னாள். பெயர் எனக்குப் பிடிபடவில்லை. “நார்மல்” என்று சொல்லவில்லை என்பது மட்டும் பிடிபட்டது. அவர் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு, மகளைக் கூப்பிடப் போனார்.

அந்தப் பெண் சொன்னது சரியென்றால் எனக்கு நோய். தப்பென்றால் அவள் பெயில். முருகா என்று ஆரம்பித்தேன். மேற்கொண்டு என்ன கேட்பது? அவள் சொன்னது தப்பாக இருக்கட்டும் என்றுதான் மனசு முதலில் ஓடியது. யார் பெற்ற பிள்ளையோ, அது தோற்கட்டும் என்று விரத நாளில் சாமியிடம் கேட்கிறேனே என்று கூசிப்போனது. சரி, அவள் ஜெயிக்கட்டும் என்று மாற்றினால் வீட்டுக்காரி முகம் வந்து நிற்கிறது. எழுந்து உட்கார்ந்தேன். படுத்தேன். மறுபடி உட்கார்ந்தேன். அந்தப் பெண் சுவரைப் பார்த்து நின்றாள். வாயைத் திறக்கக் கூடாது என்ற கண்டிஷன் வேறு.

மகள் வந்து கருவியை வைத்ததும் அவள் புருவம் சுருங்கியது.

“யப்பா, மத்தியானம் என்ன சாப்ட்டிய?”

“ஒண்ணும் சாப்பிடலியே. பாலும் பழமுந்தான்.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். “ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல. பால் உள்ள போனதும் பித்தப்பை சுருங்கிட்டு. சுருங்குனா சுவரு தடிச்சுத்தான் தெரியும். வெரதத்துக்குப் பால் குடிப்பியன்னு சின்னதுலேருந்து பாக்கேன். அத யோசிக்காம ஒங்களக் கூப்பிட்டது நாந்தான்.”

அப்புறம் மகளுக்கும் தேர்வாளருக்கும் வாக்குவாதம். சுருங்கிய பையை நோய் என்று சொல்கிற பெண், நல்ல ஆளை ஆபரேஷனுக்கு அனுப்பிவிடுவாள் என்றார் அவர். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாள், கேட்காதே என்று விதி வைத்தது நான் என்றாள் மகள்.

“பாவம் ஏட்டி, பாஸ் போட்டுரு” என்றேன்.

“யப்பா, சும்மா இருங்க. பாவம் பாத்துக் கையெழுத்துப் போட முடியாது. நாளைக்கு ஒருத்தன் உசுரு இவ கையில இருக்கும்.”

கடைசியில் அவரே இறங்கிவந்தார். மறுநாள் காலையில் அவர் ஊர் திரும்புவதற்கு முன் அவள் என்னையே மறுபடி பார்க்கலாம். படுத்திருப்பவரிடம் கேள்வியும் கேட்கலாம்.

சாமிக்குப் பட்டினி கிடந்தால் எனக்குப் பசி தெரியாது. மறுநாள் அந்தப் பெண்ணுக்காகக் கிடந்தேன். செம்பூர் போவதற்குள் கண் இருட்டியது. புறப்படும்போது வீட்டுக்காரி என் எதிரிலேயே காபி ஆற்றினாள். “ஒரு வாய் குடிச்சா அந்த மெஷினுக்கா தெரியப் போவுது?” என்றாள். “தெரியும்ளா, அதான் கேடு” என்றேன்.

அந்தப் பெண் கருவியைத் தொடவேயில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்தாள்.

“காகா, குச் காயா?” ஏதாவது சாப்பிட்டேனா என்று கேட்டாள்.

“குச் நஹி.”

“தூத்?” பாலைத்தான் கேட்டாள்.

“தூத் பி நஹி, பேட்டி.”

தேர்வாளர் உதடு லேசாக அசைந்தது. அவள் மூச்சை அடக்கச் சொன்னாள். அடக்கினேன். கருவி வந்தது, நின்றது, நகர்ந்தது. “நார்மல்” என்றாள். மகள் விடவில்லை, மெஷின் திரையைக் காட்டி ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டே போனாள். நேற்று என்ன பார்த்தாய் என்றும் கேட்டாள். அவள் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னாள். தேர்வாளர் கையெழுத்துப் போட்டார். பிறகு மகள் போட்டாள்.

அந்தப் பெண் சந்தோஷப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆளைத் தூக்கிவந்தார்கள். மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அவரிடம் அவள் என்னவோ கேட்கிற குரல் திரைச்சீலைக்கு அப்பால் கேட்டது. என் மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, திரைச்சீலைக்கு இந்தப் பக்கமே நின்றாள். உள்ளே போகவில்லை.