பாஸ்டனிலிருந்து மொன்றியலுக்கு ஒரு தூது

2007 மே மாதக் கடைசியில் மூன்று நாள் விடுமுறை வந்தது. பாஸ்டனில் எல்லோரும் கடற்கரைப் பக்கம் கிளம்ப, நான் மொன்றியலுக்கு வண்டியைத் திருப்பினேன். மாணவனாக இருந்தபோது இரண்டு வருடம் அங்கே சிவா அண்ணை வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தவன் நான். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். இப்போது பாஸ்டனில் நானும் ஒரு நண்பனும் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடம் பார்த்திருந்தோம். அண்ணை பங்காளியாக வந்தால்தான் கடை. அவரைக் கேட்கத்தான் போனேன், சுற்றிப் பார்த்ததெல்லாம் கொசுறு.

தூரம் சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். நியூ ஹாம்ப்ஷையர், வெர்மான்ட் வழியாக ஐந்தரை மணி நேரம். எல்லையில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அதைத் தாண்டியதும் பலகைகள் பிரெஞ்சுக்கு மாற, எனக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. 'டெப்பனர்' என்று அங்கே சொல்லும் பெட்டிக்கடை முதலில் கண்ணில் பட்டதும் நிறுத்தி, காசாளரிடம் "போன்ஜூர்" சொல்வதற்காகவே ஒரு காபி வாங்கினேன். இந்த ஊரைப் பிரிந்து நான்கு வருடம் எப்படி இருந்தேன் என்று தெரியவில்லை.

அண்ணை வீடு அப்படியே இருந்தது. படியிறங்கியதும் அதே வாசனை, மிளகாய்த்தூளும் ஈரக் கம்பளிக் கோட்டும் கலந்தது. இரவு பிட்டும் மீன்குழம்பும். அண்ணை வீட்டில் சாப்பிடும்போது காரியம் பேச முடியாது. வாயைத் திறந்தால் தட்டில் இன்னொரு கரண்டி விழும். எனவே மறுநாளைக்குத் தள்ளிப்போட்டேன்.

மறுநாள் ஷான்-டு-மார்ஸ் மெட்ரோவில் இறங்கி, பழைய மொன்றியலில் ஆளுநர் மாளிகையாக இருந்த கல் கட்டடத்துக்குப் போனோம். இப்போது அருங்காட்சியகம். பாஸ்டனில் குடியிருந்தால் அமெரிக்கப் புரட்சியைப் பற்றிப் பேசும் வியாதி தொற்றிக்கொள்ளும். நானும் ஆரம்பித்தேன்: பிரான்சோடு நடந்த போரின் கடனை அடைக்க பிரிட்டன் தன் அமெரிக்கக் குடியேற்றங்கள் மேல் வரி போட்டது, முத்திரைத்தாளுக்கு வரி, தேயிலைக்கு வரி. லண்டன் பாராளுமன்றத்தில் அந்தக் குடியேறிகளுக்கு ஓர் ஆள்கூடக் கிடையாது. பாஸ்டன்காரர்கள் தேயிலையைக் கடலில் கொட்டியதும் துறைமுகத்தை மூடிப் பட்டாளத்தை இறக்கினார்கள். மேற்கே நிலம் பிடிக்கவும் தடை. அமெரிக்கப் படை இந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த 1776 வசந்தத்தில் அமெரிக்கத் தூதுக்குழு இந்த வீட்டுக்கே வந்து தங்கி, "எங்களோடு சேருங்கள்" என்று இங்கிருந்த கியூபெக்காரர்களைக் கேட்டது.

"பேந்து? இஞ்சத்த சனம் சேந்ததோ?" என்றார் அண்ணை.

"இல்ல அண்ணை. வெறுங்கையோட திரும்பிப் போயிட்டாங்க."

காரணம் 1774-ஆம் வருடச் சட்டம். பிரான்சிடமிருந்து பிடித்த கியூபெக்கின் மக்களுக்குப் பிரிட்டன் அவர்களுடைய கத்தோலிக்க மதத்தையும் பிரெஞ்சு வழக்கச் சட்டங்களையும் விட்டுக்கொடுத்தது. அமெரிக்கக் குடியேறிகள் கண்வைத்திருந்த ஒஹாயோ நிலத்தையும் கியூபெக்கோடு சேர்த்தது. பாஸ்டன்காரர்களுக்கு அதுவும் கொதிப்பேற்றிய காரணங்களில் ஒன்று. இங்கே இருந்தவர்களுக்கோ, ராஜா யாராக இருந்தாலும் கோயில் மணி அடிக்கிறது, அது போதும் என்றிருந்தது.

நல்ல நேரம் பார்த்தேன் பாருங்கள், அந்த இடத்தில்தான் கேட்டேன். "அண்ணை, பாஸ்டன்ல கடைக்கு இடம் பாத்திருக்கோம். நீங்க பங்காளி. இனி யார்கிட்டயும் கைகட்டி நிக்க வேணாம். சொந்தக் கடை!"

வெளியே தோட்டத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தோம்.

"தம்பி, நீ கேட்டது எனக்குச் சந்தோசம். ஆனா நான் வரேல்லை."

"ஏன் அண்ணை?"

"ஜூலையிலை இஞ்ச எங்கட கோயில் தேர் தெரியுந்தானே. நான் லீவு கேக்கிறேல்லை. தை பிறக்கேக்கையே முதலாளி கலண்டரிலை அந்த நாளைக் கீறி வைச்சிடுவான். அண்டைக்கு அவன்தான் என்ரை அடுப்பிலை நிக்கிறவன். சொந்தக் கடையெண்டா எனக்குத் தேருக்கு ஆர் லீவு தாறது?"

வாதாட என்னிடம் நிறைய இருந்தது. லாபம், பங்கு, எதிர்காலம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாவற்றையும் மடித்து வைத்தேன். உண்மையில் எனக்குக் கடையைவிட அண்ணைதான் வேண்டியிருந்தார். பாஸ்டனில் என் தட்டில் கேட்காமல் கரண்டி போட ஆளில்லை. அதை அவரிடம் சொல்லியும்விட்டேன். அவர் என் முதுகில் ஓர் அடி போட்டு, "தேருக்கு வா" என்றார்.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். கிரீன் கார்டு இல்லாத இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கனடா விசா முன்பே எடுத்துவிடுங்கள். பெட்ரோலை வெர்மான்டிலேயே நிரப்புங்கள், எல்லைக்கு அப்பால் விலை கூடுதல். பழைய மொன்றியலில் காரை நிறுத்த இடம் தேடி நொந்துபோகாமல் மெட்ரோவில் போங்கள். மாளிகைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் தாராளம். புரட்சியைப் பாஸ்டனில் மட்டும் பார்த்தவர்கள், அதில் சேராதவர்களின் ஊரையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பாஸ்டன் திரும்பியதும் கடை இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மறுநாள் அலுவலகத்தில் மேலாளரிடம் போய் ஜூலையில் இரண்டு நாள் லீவு கேட்டேன். எதற்கு என்றார். தேரை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. வீட்டில் விசேஷம் என்றேன்.