ஸ்பிரிங்ல கம்பி கட்டுனது நயினார் இல்ல

வெள்ளிக்கிழம காலைல மாரியம்மனுக்குப் பொங்கல் வச்சிக்கினு இருந்தேன். கடத்தெருவுக்குப் போன மருமக கலா வெறுங்கூடையோட திரும்பி வந்து, "அத்த, மெக்கானிக் நயினார் போய்ட்டாராம். விடியக்காலைல நெஞ்சு வலியாம்"னு சொல்லிச்சு. அடுப்ப அணைக்கக்கூடத் தோணல. பொங்கல் அடிபுடிச்சி வாசன வந்தப்புறந்தான் நெனப்பு வந்துச்சு. அழுதேனான்னா, இல்ல. 'ஐயோ, இன்னும் சொல்லலியே'ன்னுதான் மனசு அடிச்சிக்கிச்சு. அன்னிலேர்ந்து ஒரு எடத்துல உக்கார முடியல. வெளக்கு ஏத்தப் போறேன், தீப்பெட்டிய மறந்துட்டுப் போறேன்.

நெனவு மலர் போடறோம், ரெண்டு வரி எழுதுங்கக்கான்னு அவரு வீட்டம்மா கேட்டாங்க. எனக்கு ரெண்டு வரில பேச வராதுன்னு செஞ்சி ஊருக்கே தெரியும். எட்டாவது வரைக்கும் படிச்சவ. பேசற மாதிரிதான் எழுதுவேன், பொறுத்துக்குங்க.

திண்டிவனம் ரோட்டுல இருக்கிற அவரு ஒர்க்‌ஷாப்பு உங்க எல்லாருக்கும் தெரியும். மேல்சித்தாமூர்ல பொறந்த சமண வீட்டு மனுசன். பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்ருவாரு. அதுக்கப்புறம் பச்சத் தண்ணிகூட வாயில ஊத்த மாட்டாரு. வண்டியக் கொண்டு போனா ஒடனே ஸ்பானர எடுக்க மாட்டாரு. பக்கத்துல குந்திக்கினு, ஒரு சுத்து ஓட்டச் சொல்லி, கண்ண மூடிக் கேப்பாரு. "சத்தம் வர்ற எடம் வேறம்மா, கொற இருக்கிற எடம் வேற"ம்பாரு. ஒருவாட்டி நான், "இன்னா நயினாரே, வண்டிக்குள்ளயே தூங்கறீங்களா?"ன்னு கிண்டல் பண்ணேன். "நீங்க பேச்ச நிறுத்துனீங்கன்னா கேட்டுட்டு எழுந்துக்குவேன்"னாரு.

என் வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் வேல செய்யல. வாரத்துல ரெண்டு நாளு பாண்டிச்சேரிக்குப் போய் டயாலிசிஸ் பண்ணணும். அதுக்குன்னேதான் புதுக் கார் வாங்கினோம். கலாதான் ஓட்டும். ஆடி மாசம் கோயில்ல மந்திரிச்ச தகடு ஒண்ணு வாங்கியாந்து, யார்கிட்டயும் சொல்லாம, முன் சக்கரத்துக்கு உள்ள இருக்கிற ஸ்பிரிங்ல செம்புக் கம்பியால இறுக்கிக் கட்டிட்டேன். கண்ணாடில தொங்கவுட்டா கலா கழட்டிப் போட்டுரும். அடியில யாரு பாக்கப் போறாங்க? அதுவுமில்லாம, அவர கொண்டு போய்ச் சேக்கறது சக்கரந்தானே.

மூணு மாசம் கழிச்சி, டயாலிசிஸுக்கு முந்தின நாளு, பஸ் ஸ்டாண்டுகிட்ட வேகத்தடைல ஏறி எறங்கறப்ப டணார்னு ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமா சாஞ்சிக்கிச்சு. நயினாரு வந்து, குனிஞ்சி டார்ச் அடிச்சிப் பாத்தாரு. "ஸ்பிரிங் ஒடஞ்சிருக்குது."

"மாத்தி வுட்ருங்க நயினாரே. நாளைக்கு அவர இட்டுக்கினு போவணும்."

"ஒரு மணி நேர வேலதான். ஆனா வாரண்டி இருக்கிற வண்டிம்மா. நான் ஒரு நட்டத் தொட்டாலும், வெளியாளு கை வச்சிட்டான், வாரண்டி இல்லன்னுடுவாங்க. ஷோரூமுக்கே போவட்டும்." ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கினாரு.

அவரு அந்தப் பக்கம் போனதும் நான் குனிஞ்சி தகட்டையும் கம்பியையும் பிச்சி முந்தானைல முடிஞ்சிக்கினேன். திண்டிவனம் ஷோரூமுக்கு வண்டிய லாரில ஏத்திக்கினு போனோம். கலா வெளிய போன் பேசிக்கினு இருந்துச்சு. ஷோரூம்காரரு வண்டியத் தூக்கிப் பாத்துட்டு, "ஸ்பிரிங்ல பெயிண்ட் தேஞ்சி கம்பித் தடம் இருக்குதே, யாரு கட்டுனது?"ன்னாரு. முந்தானை முடிச்ச மறைச்சிக்கினேன். என் வாயில வந்தது, "எங்கூரு மெக்கானிக் நயினாருதான் ஏதோ கட்டுனாரு."

"அப்ப வெளில வேல பாத்த வண்டி. வாரண்டில வராதும்மா"ன்னு எழுதிட்டாரு.

ஒரு பொய்யோட நின்னேனா? கலாகிட்டயும் அதையே சொன்னேன். சாயந்தரம் கோயில்ல பொம்பளைங்ககிட்டயும் சொன்னேன். "அவரா அப்டி?"ன்னு ஒருத்தி வாயில கைய வச்சா. அடுத்த வாரமே அவ வீட்டுக்காரரு தன் வண்டிய வேற ஒர்க்‌ஷாப்ல வுட்டாரு.

ஷோரூமுக்குப் போய்ட்டு வந்த மறுநாள் காலைல வாசல்ல ஆரன் சத்தம். நயினாரு தன்னோட பழைய காரோட நிக்கறாரு. "அய்யாவ ஏத்துங்க, நேரமாவுது."

போற வழில கலா நேராவே கேட்டுடுச்சு: "ஏன் நயினார், நீங்க கட்ன கம்பியாலதான் வாரண்டி போச்சாமே?"

வண்டி கொஞ்சம் மெதுவாச்சு. கண்ணாடில என்னப் பாத்தாரு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கினேன். "விசாரிக்கலாம்மா"ன்னாரு. அவ்ளோதான்.

ஆஸ்பத்திரில கலா மருந்து வாங்கப் போனப்ப, "பயத்துல ஒங்க பேரச் சொல்லிட்டேன் நயினாரே"ன்னேன்.

"தகட்ட நேத்தே பாத்தேன். நீங்க கட்டுனது மேல் சுத்துல. ஒடஞ்சது அடிச் சுத்துல. நெசத்தச் சொல்லியிருந்தாலே வாரண்டி வந்திருக்கும். போய்ச் சொல்லுங்க"ன்னாரு. திட்டியிருந்தா ஆறியிருக்கும். திட்டல.

வீடு வந்து சேர்றதுக்குள்ள இருட்டிப் போச்சு. தோச ஊத்தட்டான்னு கேட்டேன். கும்பிட்டுட்டுக் கெளம்பிட்டாரு. என் புருசனுக்காக அன்னிக்கு அவரு ராப்பட்டினி.

மறுநாள் ஷோரூம்ல எல்லாத்தையும் சொன்னேன். கலா என்னையே பாத்துச்சு. "சாமி கும்புடற வாயிதானே அத்த அது?"ன்னுச்சு. அவங்க ஒடஞ்ச எடத்தத் திருப்பிப் பாத்தாங்க. பாதி பழைய துரு, பாதி பளபளன்னு புதுசு. முன்னயே உள்ள கீறல் இருந்திருக்குது, கம்பிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லி, வாரண்டிலயே புது ஸ்பிரிங் போட்டுக் குடுத்தாங்க.

நயினாருகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். கைய பனியன் துணில தொடச்சிக்கினே, "அங்க சொல்லிட்டீங்க. நல்லது"ன்னாரு.

அந்த 'அங்க' இருக்குதே, அதுதான் என்ன உக்கார வுடாம சுத்தவுடுது. கோயில்ல நான் சொல்லல. இந்த வெள்ளிக்கிழம, அடுத்த வெள்ளிக்கிழமன்னு தள்ளிக்கினே வந்தேன். அவரும் கேக்கல. கடசில எந்த வெள்ளிக்கிழம வந்துச்சுன்னு மேலயே எழுதிட்டேன்.

இப்ப சொல்றேன், மாரியம்மன் சாட்சியா. அந்தக் கம்பிய நயினாரு கட்டல. நான் கட்டுனேன். என் வாரண்டிக்காக அவரு என் வண்டில ஒரு நட்டக்கூடத் தொடல. இதுல ஒரு எழுத்துகூட அடிக்காம அச்சுல போடணும்னு அவரு வீட்டம்மாகிட்ட சொல்லியிருக்கேன்.

தகட்டக் கோயில் கொளத்துல போட்டுட்டேன். கம்பிய மட்டும் சாமி அறைல வெளக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். வீட்டுக்கு வந்தா கண்ணுல படும். அது இன்னா கம்பின்னு கேளுங்க. கேக்காமப் போயிடாதீங்க.