அதிசயமாக என்று நான் சொன்னது

கொல்கத்தாவுக்குப் பக்கத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா திருநெல்வேலிக்காரர். கணவருக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரே மகள் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் கணவருக்கு மூளையில் ரத்தக்கசிவு என்று கொல்கத்தாவில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பெங்காலி பேச அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் இங்கேயே பிறந்தவள். தமிழைவிட எனக்கு பெங்காலிதான் சரளம்.

இரண்டாம் நாள் காலை டாக்டர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். வீக்கம் குறையவில்லை, அதிசயமாக ஏதாவது நடந்தால்தான் உண்டு, வரவேண்டியவர்களை வரச்சொல்லிவிடுங்கள் என்றார். பெங்காலியில் கேட்டபோது எனக்குச் சந்தேகமே இல்லை. கைவிட்டுவிட்டார்கள்.

அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொல்லுதாரு?" என்றார்.

டாக்டர் சொன்ன அந்த 'அதிசயமாக' எங்கள் வீட்டுத் தமிழில் லேசான சொல். எப்போதாவது வரும் மாமாவிடம் 'என்ன அதிசயமா இந்தப் பக்கம்?' என்போம். அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"அதிசயமா பொழச்சுக்கலாமாம்க்கா."

'நடந்தால்தான்' என்பதை விழுங்கிவிட்டேன். வரச்சொன்னதையும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் போகட்டும் என்று நினைத்தேன்.

அக்கா உடனே மகளுக்கு போன் போட்டார். "அப்பா அதிசயமா தேறிட்டு வாராகளாம். நீ பரீட்சைய எழுதிட்டு வா பிள்ள." பிறகு இரண்டு நாளில் முதல் தடவையாக டீ வாங்கிக் குடித்தார். அதைப் பார்த்தபின் மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் மதியம் அக்காவின் கணவர் போய்விட்டார்.

சாயங்காலம் விமானத்தில் வந்த மகளுக்கு முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள். "தேறிட்டு வாராகன்னு சொன்னியேம்மா" என்றாள். அது என் வார்த்தை என்று பக்கத்தில் நின்ற நான் சொல்லவில்லை.

அவர்கள் ஊருக்குப் போய் நாலு மாதம் கழித்துத்தான் போனில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"டாக்டர் மூஞ்சியப் பாத்தே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். "நான்தான் நீ சொன்ன வார்த்தையப் பிடிச்சுக்கிட்டேன்."

"உங்க பொண்ணுகிட்ட நானே பேசட்டுமாக்கா?"

"வேண்டாம். இப்ப அவளுக்கு என் மேலதான் கோவம். உன் பேச்சக் கேட்டா ரெண்டு பேரையும் வெறுப்பா. எதுக்கு?"

அந்தப் பெண் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். தீபாவளிக்குக்கூட அம்மாவிடம் போவதில்லையாம். அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது.