முழுச்சொல் தேடல்

காலை ஒன்பது இருபது. வருவாய் அலுவலகத்துக்காக மனுக்களைக் கணினியில் ஏற்றித் தரும் எங்கள் மையத்தின் ஷட்டருக்கு முன்னால் ஒருவர் குந்தியிருந்தார். வெள்ளை வேட்டி, கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் மனு கொடுத்ததற்கான சீட்டு. கல்வராயன் மலையிலிருந்து முந்தின நாளே கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்துவிட்டதாகச் சொன்னார். இட ஒதுக்கீட்டுப் போராட்ட நாட்கள் அவை. பேருந்து எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

அவர் மகளுக்கு மறுநாள் காலை சேலத்தில் நர்சிங் சேர்க்கை. சாதிச் சான்றிதழ் இல்லாமல் உட்கார வைக்க மாட்டார்கள். நாங்கள் அனுப்பும் மலைப்பகுதிப் பட்டியலில் இருக்கும் மனுக்களுக்குத்தான் அதிகாரி கையெழுத்துப் போடுவார். அதில் அவர் மனு இல்லை.

அப்போது மலைக்குத் தனி வட்டம் கிடையாது. ஆங்கில எழுத்தில் ஏற்றிய மனுக்களில் 'மலை' என்ற சொல்லைத் தேடித்தான் பட்டியல் எடுத்தோம். முதலில் அந்த எழுத்துகள் எங்கே வந்தாலும் அள்ளிவரும் தேடல். மலையே இல்லாத ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஏழுமலை, அண்ணாமலை என்று பெயருள்ளவர்கள் மொத்தமாக வந்து விழுந்தார்கள். அதனால் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் வாய்பாட்டில் சொல்லுக்கு இரு பக்கமும் எல்லைக்குறி வைத்தேன். 'மலை' தனிச்சொல்லாக நின்றால் மட்டுமே வரும். பட்டியல் சுத்தமானது. முந்தின நாள் மாலை அதை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தேன்.

சீட்டு எண்ணைப் போட்டதும் அவருடைய மனு திரையில் வந்தது. முகவரியில் மலை இல்லை.

பக்கத்து நாற்காலியில் இருந்த நண்பர் கேட்டார். "இன்னா பெரியவரே, மலைன்னு எழுதலியா நீங்க?"

"ஊரு எழுதினேன், நாடு எழுதினேங்க. மலை மேல குந்திக்கினு மலைன்னு எதுக்குங்க எழுதணும்?"

"அத்த எங்க கம்ப்யூட்டருக்கு யாரு சொல்றது?"

"நீங்கதாங்க சொல்லணும். எங்க ஊர்ல கரன்ட்டே கம்மி."

நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

கீழேதான் அது மலை. மேலே பல ஊர்கள் சேர்ந்த பிரிவுக்கு 'நாடு' என்று பெயர்; ஒவ்வொரு ஊரும் ஒரு நாட்டில் சேர்ந்தது. பள்ளி ஆசிரியர்கள் நிரப்பித் தந்த மனுக்களில் மட்டும் கல்வராயன் மலை என்று இருந்தது. தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாரும் விடுபட்டிருந்தார்கள். அவரை மட்டும் கையால் சேர்த்தால் போதாது.

'நாடு' என்று முழுச்சொல்லாகத் தேடினேன். தமிழ்நாட்டைச் சேர்த்து எழுதியவர்கள் வரவில்லை, அதுவரைக்கும் சரி. 'தமிழ் நாடு' என்று பிரித்து எழுதியவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். கீழே சமவெளியில் இருக்கும் எலவனாசூர்கோட்டையும் மூங்கில்துறைப்பட்டும் திரையில் இறங்கிக்கொண்டே இருந்தன. முன்னால் 'தமிழ்' வந்தால் தள்ளிவிடு என்று இன்னொரு நிபந்தனை சேர்த்தேன். சிலர் இரண்டு சொல்லுக்கும் நடுவே புள்ளி வைத்திருந்தார்கள். அதற்கும் ஒன்று. மின்சாரம் ஒரு முறை போனது. மறுபடி முதலிலிருந்து.

அவர் உள்ளே வந்து உட்காரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தோம், வாசலிலேயே நின்று குடித்தார். "ஆயிடுங்களா?" என்று இரண்டொரு முறை கேட்டார். ஆகும் என்று நண்பர்தான் பதில் சொன்னார்.

மதியத்துக்கு மேல் புதுப் பட்டியல் போனது. விளக்கு வைக்கும் நேரத்தில் கையெழுத்தான சான்றிதழோடு வந்து காட்டினார். மகள் கள்ளக்குறிச்சியில் உறவினர் வீட்டில் இருக்கிறாள், விடியற்காலை முதல் வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றார். சான்றிதழை மடிக்காமல் கவருக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் வண்டி கிளம்பும் முன்பே சேலம் சாலையில் மறியல். சாயங்காலம் வரை பேருந்து ஓடவில்லை.